ஒரே வேதத்தின் இரு தமிழ்கள்: யாழ்ப்பாணக் கிறிஸ்தவரிடையே கருத்துவேறுபாடும் உரையாடலும்

யாழ்ப்பாணத்துக் கண்டன இலக்கியம் என்றவுடன் எமது ஆய்வாளரின் நினைவுக்கு முதலில் வருவது, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சைவருக்கும் கிறிஸ்தவருக்குமிடையே நிகழ்ந்த எழுத்துப்போரேயாகும். ஆறுமுக நாவலரின் 'சைவ தூஷண பரிகாரம்' (1854) முதலாகத் தோன்றிய நூல்களும் பிரசுரங்களும் பல கோணங்களில் நின்று ஆராயப்பட்டுள்ளன. அதே காலப்பகுதியிலும், அதற்கு முன்னும் பின்னும், கிறிஸ்தவர் தமக்குள்ளே நடத்திய வாதங்கள் இத்தகைய கவனத்தைப் பெற்றில. சைவ ஆய்வாளருக்கு அவை பிறர் வீட்டுச் சண்டை. கிறிஸ்தவ ஆய்வாளருக்கோ அவை மறக்கவேண்டிய வீட்டுச் சண்டை. இவ்விரு மனப்பாங்குகளும் சேர்ந்து, தமிழ் உரைநடை வரலாற்றிலும் யாழ்ப்பாணச் சமூக வரலாற்றிலும் முக்கியமான ஒரு பகுதியை இருளில் வைத்துள்ளன.

ஒரே வேதநூலை ஏற்றுக்கொண்ட கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும், பின்னர் புரட்டஸ்தாந்தர் தம்முள்ளே பல சபையினரும், தமது வேறுபாட்டைப் பேச எவ்வளவு தூரம் முன்வந்தனர்? பேசியபோது எவ்வாறு பேசினர்? பேசாதுவிட்டபோது எதனைப் பேசாதுவிட்டனர்? எமது கருத்தை முன்னரே கூறிவிடுதல் நலம். சண்டையிட்ட காலத்தில் இவர்கள் ஒருவரையொருவர் ஓரளவுக்கேனும் வாசித்தனர். சமாதானமான காலத்தில் வாசிப்பதை நிறுத்திக்கொண்டனர். இன்று 'ஒற்றுமை' எனப் போற்றப்படுவதிற் பெரும்பகுதி, பேசித் தீர்க்கப்பட்ட வேறுபாடன்று, பேசாதுவிடப்பட்ட வேறுபாடே என்பது எமது துணிபு.

வேறுபாடு யாழ்ப்பாணத்துக்கு வாதமாக வரவில்லை, சட்டமாகவே வந்தது. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். அதே ஆண்டில், கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்னும் கட்டளை பிறந்தது. சீர்திருத்த சபையில் ஞானஸ்நானம் பெற்றவரின் விவாகமும் உரிமையும் மட்டுமே அரச பதிவேட்டில் செல்லும் என்ற நிலைமையும் ஏற்பட்டது. இந்நிலையில் மக்கள் செய்தது யாவரும் அறிந்ததே. பெயரளவில் சீர்திருத்தக் கிறிஸ்தவராகவும், வீட்டளவில் சைவராகவோ கத்தோலிக்கராகவோ அவர்கள் வாழ்ந்தனர். 1687 இல் கோவாவிலிருந்து வேற்றுருவில் வந்த யோசே வாஸ் அடிகள் சில்லாலை போன்ற ஊர்களில் மறைந்து பணியாற்றிய காலம் இதுவே. 2015 இல் கொழும்பிலே அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அக்காலத்து அடக்குமுறை பலராலும் நினைவுகூரப்பட்டது. அவ்வடக்குமுறையை நடத்தியவர்களும் கிறிஸ்தவரே என்பதை எடுத்துரைத்தோர் சிலரே.

வட்டுக்கோட்டையிலுள்ள பழைய ஆலயத்தை இவ்வரலாற்றின் கல்லெழுத்தாகக் கொள்ளலாம். போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்க ஆலயமாகத் தொடங்கி, ஒல்லாந்தர் காலத்தில் சீர்திருத்த சபையின் ஆலயமாகவும் பாடசாலையாகவும் திருத்தப்பட்டு, பாழடைந்து கிடந்த நிலையில் அமெரிக்க மிஷனரிமாரிடம் கையளிக்கப்பட்டு, ஈற்றில் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனப் பேராலயமாக அது விளங்குகின்றது. ஒரே இடத்தில், ஒரே கிறிஸ்துவை நோக்கி, மூன்று விசுவாச அறிக்கைகள் முழங்கியுள்ளன. ஆயின் அம்மூன்றும் ஒன்றோடொன்று பேசியதில்லை. ஒன்று போனபின்னரே மற்றையது வந்தது.

எழுத்துவழி வாதம் பதினெட்டாம் நூற்றாண்டிலே தொடங்குகின்றது. பாக்குநீரிணைக்கு அப்பால் 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரிமாருக்கும் வீரமாமுனிவருக்கும் இடையே நிகழ்ந்த போராட்டம் இதற்கு முன்மாதிரியாயிற்று. 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' ஆகியன முனிவர் லுத்தரன்மாரை மறுத்தெழுதியவை. தேம்பாவணியைச் செய்த கை, மறுப்புக்கென்று எடுத்துக்கொண்டது உரைநடையை என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. பாமரக் கிறிஸ்தவன் எதிர்த்தரப்பின் அச்சுநூலைக் கையிலெடுத்துவிட்டான் என்ற அச்சமே அவ்வுரைநடையைத் தோற்றுவித்தது. காவியம் அவனுக்குப் பயன்படாது. நியாயத்தைச் சொல்லும் எளிய வசனமே பயன்படும். தமிழில் தருக்க உரைநடை வளர்ந்த களங்களுள் கிறிஸ்தவரின் உட்பூசலும் ஒன்று என்பதை எமது உரைநடை வரலாறுகள் போதிய அளவு வலியுறுத்தவில்லை.

இலங்கையில் இதற்கு நிகரானவர்கள் கத்தோலிக்கத் தரப்பில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளும், சீர்திருத்த சபைத் தரப்பில் பிலிப்பு தெ மெல்லோவும் ஆவர். 1705 இல் இலங்கைக்கு வந்த கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் எழுதியவர். வடபகுதிக் கத்தோலிக்கர் தவசுக்காலத்தில் பாடிவரும் 'வியாகுலப் பிரசங்கம்' அவர் பெயரை இன்றும் நிலைநிறுத்தியுள்ளது. மெல்லோ தமிழ்ப் புலமை மிக்க போதகர். புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தவர். கத்தோலிக்கக் கொள்கைகளை மறுத்து அவர் எழுதிய 'சத்தியத்தின் செயம்' 1753 இல் கொழும்பிலே அச்சாயிற்று. ஒருவர் தலைமறைவுச் சபையின் எழுத்தாளர்; மற்றவர் ஆளும் சபையின் எழுத்தாளர். ஒருவர் நூல் ஏட்டிலே பரவிற்று. மற்றவர் நூல் கும்பனியின் அச்சிலே வந்தது. இவ்வாறான ஏற்றத்தாழ்வு இருக்குமிடத்து உரையாடல் நிகழமுடியாது என்பது வெளிப்படை. மெல்லோவின் தமிழ் எத்துணைச் சிறந்ததாயினும், அவருடைய எதிர்வாதி வெளிப்படையாக மறுமொழி கூறினால் தண்டிக்கப்படுவான் என்ற உண்மை, அந்நூலின் பெயரிலுள்ள 'செயம்' என்ற சொல்லையே கறைப்படுத்துகின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நிலை மாறிற்று. வெஸ்லியன் மிஷனரிமார் 1814 இலும், அமெரிக்க மிஷனரிமார் 1816 இலும், ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சார்ந்த சேர்ச் மிஷனரிமார் 1818 இலும் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கினர். இம்மூன்று சபைகளும் தாய்நாட்டிலே ஆயர் ஆட்சி பற்றியும், வழிபாட்டு ஒழுங்கு பற்றியும், திருவருளுக்கும் மனித சுதந்திரத்துக்கும் உள்ள தொடர்பு பற்றியும் கடுமையாக முரண்பட்டவை. யாழ்ப்பாணத்தில் அம்முரண்பாடுகளை இவர்கள் எவ்வாறு கையாண்டனர்? குடாநாட்டைப் பங்கிட்டுக்கொண்டனர். வட்டுக்கோட்டை, தெல்லிப்பழை, உடுவில், மானிப்பாய், பண்டத்தரிப்பு, சாவகச்சேரி முதலியன அமெரிக்கருக்கு. நல்லூர், சுண்டிக்குளி, கோப்பாய் முதலியன சேர்ச் மிஷனுக்கு. பட்டினத்தின் ஒரு பகுதியும் பருத்தித்துறைப் பக்கமும் வெஸ்லியருக்கு. வேறுபாட்டைப் பேசித் தீர்ப்பதற்குப் பதிலாக நிலத்தை அளந்து தீர்த்தனர். இதன் விளைவாக, ஆயர் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு யாழ்ப்பாணப் புரட்டஸ்தாந்தன் ஒருவனின் விடை, அவன் எந்த ஊரிற் பிறந்தான் என்பதைப் பொறுத்ததாயிற்று. கொள்கை முதுசொம்மாகி, ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. சண்டையைத் தவிர்க்கும் வழியாக இது பாராட்டப்படுவதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. எதனை நம்புகின்றோம் என்று ஒருவன் அயலவனோடு பேசிப்பார்க்கும் சந்தர்ப்பத்தையே இப்பங்கீடு இல்லாமற் செய்துவிட்டது.

கத்தோலிக்கருக்கு இத்தகைய எல்லைக்கோடு கிடையாது. அவர்கள் எல்லா இடங்களிலும் இருந்தனர், சிறப்பாகக் கரையோரத்தில். 1847 இல் அமலமரித் தியாகிகள் சபையினர் வந்து சேர்ந்தபின்னர், 1850 இற் கல்லூரி, 1868 இல் யாழ்ப்பாண ஆயராகப் பொஞ்ஞீன் ஆண்டகை என்றவாறு கத்தோலிக்க நிறுவனங்கள் வலுப்பெற்றன. புரட்டஸ்தாந்தர் கையில் 1841 முதல் 'உதயதாரகை' இருந்தது. 1876 இல் கத்தோலிக்கர் 'சத்தியவேத பாதுகாவலனை'த் தொடங்கினர். இரு தரப்புக்கும் அச்சு உண்டு. இரு தரப்புக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. தண்டனையச்சம் எவருக்கும் இல்லை. வாதம் என்ற சொல்லுக்குத் தகுதியான ஒன்று நிகழக்கூடிய சூழ்நிலை யாழ்ப்பாணக் கிறிஸ்தவருக்கு முதன்முதலாக வாய்த்தது இப்பொழுதுதான்.

வாய்த்ததை அவர்கள் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதை மதிப்பிடுமிடத்து இரண்டையும் கூறவேண்டும். வாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள்கள் பெரும்பாலும் மாறாதவை: வேதநூல் மட்டும் போதுமா, பாரம்பரியமும் வேண்டுமா, பாப்பரசரின் அதிகாரம், மரியாள் வணக்கம், சுரூபங்கள், உத்தரிக்கிற ஸ்தலம், விசுவாசமும் நற்கிரியையும். நடை பெரும்பாலும் வினாவிடை. எதிரியின் வாயிலே மிக எளிதில் மறுக்கக்கூடிய வினாவை இட்டு, அதனை மறுத்து, வெற்றி கொண்டாடும் முறை இருதரப்பிலும் மலிந்திருந்தது. ஆயினும் வாசகன் நியாயம் கேட்கக்கூடியவன், கேட்டபின் முடிவெடுக்கக்கூடியவன் என்ற நம்பிக்கை இவ்வெழுத்துக்களின் அடியிலே கிடந்தது. சாதாரண யாழ்ப்பாணத்தானைச் சிந்திக்கத்தக்கவனாக மதித்த எழுத்து அது. ஏசினார்கள்; ஆனால் ஏசுவதற்கு முன் எதிரியை வாசித்தார்கள்.

இவ்வாதத்தை மிகக் கூர்மையாகக் கவனித்தவர் ஒரு சைவர் என்பது சுவையானது. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்பிலே பணியாற்றிய நாவலர், பழைய ஏற்பாட்டின் ஆலயக் கிரியைகளைச் சைவக் கிரியைகளோடு ஒப்பிட்டு, உங்கள் நூலிலே உள்ளதை எங்கள் கோயிலிலே கண்டால் பழிப்பதேன் என்று கேட்டார். இந்தக் கேள்வி கத்தோலிக்கனைவிடப் புரட்டஸ்தாந்தனையே கூடுதலாகச் சுடும். கிறிஸ்தவர் தமக்குள் முடித்துக்கொள்ளாத ஒரு வழக்கை நாவலர் எடுத்துத் தமது வழக்குக்குச் சான்றாக்கினார். வீட்டுக்குள்ளே பேசவேண்டியதைப் பேசாதுவிட்டால் அயலவன் வந்து பேசுவான்.

வாதம் நூலை விட்டுப் பாடசாலைக்குள் நுழைந்தபோது அதன் இயல்பு மாறிற்று. 1869 இலே பொதுக்கல்வித் திணைக்களம் ஏற்பட்டு, உதவிநன்கொடை முறை மதச்சார்புப் பாடசாலைகளுக்கு விரிந்தது. இம்முறைக்காக மிகுந்த ஊக்கத்துடன் வாதாடியவருள் பொஞ்ஞீன் ஆண்டகை ஒருவர். ஊருக்கு ஊர் மிஷன் பாடசாலைக்கு எதிரே சுவாமியார் பாடசாலை எழுந்தது. பின்னர் சைவப் பாடசாலையும் எழுந்தது. கல்விப் பரம்பலுக்கு இது பெருநன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. கொள்கை வாதத்துக்கோ தீமையே செய்தது. சபைக்கும் சபைக்கும் உள்ள வேறுபாடு இப்பொழுது மாணவர் தொகையாகவும் நன்கொடைப் பணமாகவும் ஆசிரியர் நியமனமாகவும் அளக்கப்படலாயிற்று. சம்பளத்துக்காகச் சபை மாறிய சட்டம்பிமார் பற்றிய பரிகாசக் கதைகளை எமது பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறியபோது, நூறாண்டுப் போட்டியின் பொருளாதார அடித்தளம் தகர்ந்தது. அதன்பின் மிக விரைவிலேயே சபைகளிடையே நட்புணர்வு தழைத்தது. இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை என்று கூறுவது வரலாற்றை அதன் பௌதிக அடிப்படையிலிருந்து பிரித்து நோக்குவதாகும்.

இந்தப் பழைய முறை வாதத்தின் கடைசிப் பெருமகன் சுவாமி ஞானப்பிரகாசர். 1875 இல் மானிப்பாயில் சைவக் குடும்பத்திற் பிறந்து, கத்தோலிக்கராய் வளர்ந்து, குருவாகி, நல்லூரைத் தமது களமாகக் கொண்டவர். யாழ்ப்பாண வரலாற்றாய்வும் சொற்பிறப்பாய்வும் அவருக்குப் பெரும்புகழ் தந்தன. அப்புகழின் ஒளியிலே அவருடைய சமயவாதப் பிரசுரங்கள் மறைந்துபோயின. அவற்றை அவருடைய ஆய்வுப் பணியிலிருந்து பிரித்து, மதப்பற்றினால் நேர்ந்த பலவீனமாக ஒதுக்கும் போக்கு எம்மவரிடம் உண்டு. நாம் இதனை ஏற்பதற்கில்லை. மூலத்தைத் தேடு, ஆண்டைக் கேள், சாட்சியை ஒப்பிடு என்ற ஒழுங்கு, 'யாழ்ப்பாண வைபவ விமர்சன'த்தை (1928) எழுதிய கைக்கு வெறும் ஏட்டுப்பயிற்சியால் வந்ததன்று. மறுப்பவன் உடனே மறுமொழி கூறுவான் என்ற கண்டனக் களத்திலே தீட்டப்பட்ட ஒழுங்கு அது. அவருடைய குறையும் அக்களத்தினுடையதே. எதிர்த்தரப்பின் நூலறிவை ஏற்குமிடத்தும் அதன் பக்தியை ஏற்கும் மனம் அக்களத்தில் எவருக்கும் எளிதில் வாய்க்கவில்லை. உடுவிலில் ஒரு தாய் மாலையிலே ஜெபிக்கும்போது என்ன நிகழ்கின்றது என்பது கத்தோலிக்கக் கண்டனத்தில் இல்லை. பாஷையூரில் ஒரு தாய் செபமாலை சொல்லும்போது என்ன நிகழ்கின்றது என்பது புரட்டஸ்தாந்தக் கண்டனத்தில் இல்லை.

ஞானப்பிரகாசர் 1947 ஜனவரியிற் காலமானார். அதே ஆண்டு செப்ரெம்பர் 27 ஆம் திகதி சென்னையிலே தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபை அதன் ஓர் ஆதீனமாகச் சபாபதி குலேந்திரன் அவர்களைத் தனது முதற் பேராயராகப் பெற்றது. 1919 இல் தரங்கம்பாடி மாநாட்டிலே தொடங்கிய பேச்சு 28 ஆண்டுகள் நீடித்தது. ஆயர் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும், ஒருவர் குருத்துவத்தை மற்றவர் ஏற்கலாமா என்ற மிகக் கசப்பான கேள்வியை மேசைமீது வைத்துப் பேசினர். இதனை நாம் உயர்வாக மதிக்கின்றோம். வேறுபாட்டை மறைக்காது பேசியதனாலேயே அவர்கள் ஒன்றாயினர். ஆனால் யாழ்ப்பாணத்தில் இதன் பயன் விசித்திரமானது. கடலுக்கு அப்பால் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் கொங்கிறிகேஷனல் மரபினரும் ஒரே சபையாயினர். இப்பால் சுண்டிக்குளி ஆங்கிலிக்கரும் பருத்தித்துறை மெதடிஸ்தரும் வட்டுக்கோட்டைத் தென்னிந்தியத் திருச்சபையாரும் தனித்தனியே நின்றனர். சுண்டிக்குளியார் ஒருவர் மதுரைக்குப் போனால் வட்டுக்கோட்டையாரின் சபையிலே சேர்வார். ஊருக்குத் திரும்பினால் பிரிந்துவிடுவார்.

இலங்கையிலும் ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர், பப்ரிஸ்தர், பிரெஸ்பிற்றேரியர், யாழ்ப்பாண ஆதீனத்தார் ஆகியோரை இணைக்கும் திட்டம் 1940 களிலிருந்து பேசப்பட்டது. 1972 இல் அது நிறைவேறும் என எதிர்பார்க்கப்பட்டு, வழக்கொன்றினால் தடைப்பட்டது. வழக்காளரைக் குறைகூறுவது எளிது. மூன்று தசாப்தப் பேச்சு எந்த மொழியிலே நடந்தது, யாரிடையே நடந்தது என்பதே எமது கேள்வி. குருமாரும் ஆங்கிலம் கற்ற பொதுநிலையினரும் ஆங்கிலத்தில் வரைந்து, ஆங்கிலத்தில் திருத்தி, இறுதியில் வாக்குக்கு விட்ட திட்டம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கண்டனக்காரர் தமிழில் ஏசினார்கள். இருபதாம் நூற்றாண்டுச் சமாதானக்காரர் ஆங்கிலத்தில் இணங்கினார்கள். கோவிலில் முழந்தாளிட்டிருந்த தமிழன் முன்னையதைப் புரிந்துகொண்டான். பின்னையது அவனுக்கு அறிவித்தலாகவே வந்தது.

கத்தோலிக்கத் தரப்பில் மாற்றம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடு (1962–1965) வந்தது. 1964 நவம்பரில் வெளியான கிறிஸ்தவ ஒன்றிப்புப் பற்றிய விதித்தொகுப்பு, அதுவரை 'பதிதர்' எனப்பட்டோரைப் 'பிரிந்த சகோதரர்' ஆக்கிற்று. அதற்கு முன்னர் புரட்டஸ்தாந்த ஆலயத்து வழிபாட்டிலே கத்தோலிக்கர் பங்குபற்றுவது திருச்சபைச் சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்தது. அயலவரின் கலியாணத்துக்குச் சென்ற கத்தோலிக்கர் ஆலய வாசலிலே நின்றுவிட்டுப் பந்தலுக்கு வந்து சேர்ந்த காட்சியை முதியோர் இன்னும் கூறுவர். அத்தடை நீங்கியது மனிதப் பண்பின் வெற்றி. இப்பொழுது ஜனவரி மாதத்து ஒன்றிப்பு வாரத்திலே ஒருவர் ஆலயத்திலே மற்றவர் பிரசங்கம் செய்கின்றார். ஆயின் அப்பிரசங்கங்களிலே எதைப் பேசுகின்றார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். இருவருக்கும் பொதுவானதையே பேசுகின்றார்கள். விருந்தாளியாக வந்த இடத்தில் வீட்டுக்காரரின் கூரை ஒழுகுகின்றது என்று சொல்வது மரியாதையன்று. விருந்துபசாரமாக மாறிய உறவிலே உண்மைக்கு இடமில்லை.

மொழியை நோக்கினால் இது தெளிவாகும். மூன்று நூற்றாண்டுகளாக யாழ்ப்பாணக் கிறிஸ்தவர் இரு தமிழ்களைப் பேசினர். ஒருவருக்குச் சேசு, மற்றவருக்கு இயேசு. ஒருவருக்கு இராயப்பர், சின்னப்பர், அருளப்பர். மற்றவருக்குப் பேதுரு, பவுல், யோவான். ஒருவருக்குப் பூசை, மற்றவருக்கு ஆராதனை. ஒருவருக்குச் சுவாமியார், மற்றவருக்குப் போதகர். ஒருவருக்குத் தேவநற்கருணை, மற்றவருக்கு இராப்போசனம். கடவுளின் பெயரே ஒன்றாக இருக்கவில்லை. சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். 1871 இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. கத்தோலிக்கர் சருவேசுரனோடு நெடுங்காலம் நின்றனர். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு தெரிவு, ஒரு வாதம், சைவ வழக்கை எவ்வளவு ஏற்பது என்ற ஒரு தயக்கம் இருந்தது. சாதாரண கிறிஸ்தவனுக்கோ அவை கொள்கைச் சொற்களல்ல, இனக்குறிகள். 'சேசுவே' என்று ஒருத்தி பெருமூச்சு விட்டால் அவள் எந்தக் கோயிற்காரி என்பது தெரிந்துவிடும்.

1995 இல் வெளியான 'திருவிவிலியம்' என்னும் பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் கூடிச் செய்தது. 'கடவுள்' என்ற சொல்லும் 'தூய ஆவி' என்ற சொல்லும் 'திருமுழுக்கு' என்ற சொல்லும் இருதரப்புக்கும் பொதுவாயின. இப்பணியின் பெருமையைக் குறைப்பது எமது நோக்கமன்று. இங்கே உண்மையான உரையாடல் நிகழ்ந்தது. ஒரு சொல்லை எழுதவேண்டுமாயின் அதன் பொருளைப் பேசியே ஆகவேண்டும். எபிரேய மூலத் தொகுதியில் இல்லாத நூல்களை 'இணைத் திருமுறை' எனப் பெயரிட்டுத் தனியே அமைத்த ஏற்பாடு, வேறுபாட்டை மறைக்காமல் பெயர்சூட்டி வைத்த நேர்மைக்கு எடுத்துக்காட்டு. ஆனால் நிகழ்ந்தது என்ன? கத்தோலிக்கர் அதனைத் தமது வேதநூலாக ஏற்றனர். புரட்டஸ்தாந்த ஆலயங்களிற் பெரும்பாலும் பழைய ஐக்கிய மொழிபெயர்ப்பே வாசிக்கப்படுகின்றது. அதன் ஓசையிலே மூன்று தலைமுறைகளின் மரணமும் விவாகமும் கலந்திருக்கின்றன என்பதை நாம் அறிவோம். பொதுத்தமிழ் வந்தபின்னரும் இரு தமிழ்களாகவே இருக்கின்றோம். முன்னையது வாதத்தால், இன்றையது பழக்கத்தால்.

போர்க்காலத்தைப் பற்றிச் சிலவே கூறலாம். 1995 ஜூலை 9 ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் ஆலயம் குண்டுவீச்சுக்கு இலக்கானபோது, அங்கே தஞ்சம் புகுந்திருந்தோர் கத்தோலிக்கர் மட்டுமல்லர். அவ்வாண்டு ஒக்ரோபர் இறுதியிலே குடாநாடே பெயர்ந்து நடந்தபோது, எவர் எந்த ஆலயத்தில் உறங்கினார் என்று எவரும் கேட்கவில்லை. அக்காலத்தில் மரியாள் வணக்கம் பற்றிப் பேசாதிருந்தமைக்காக எவரையும் நாம் குறைகூறோம். 2009 இன் பின்னரும் அதே மௌனம் தொடர்வதே எமது பிரச்சினை.

இனி, எக்காலத்திலும் பேசாதுவிடப்பட்டதற்கு வருவோம். பாஷையூர், குருநகர், ஊர்காவற்றுறை எனக் கரையோரம் கத்தோலிக்கம். வட்டுக்கோட்டை, உடுவில், தெல்லிப்பழை என உள்நிலம் புரட்டஸ்தாந்தம். விதிவிலக்குகள் பல இருப்பினும், இது பொதுவான சித்திரம். கடலோடிகளின் சமயமும் காணிக்காரரின் சமயமும் என்று இதனை ஒருவர் வாசித்தால் முற்றிலும் தவறாகாது. ஆகவே 'அவர்கள் வேறு வேதம்' என்ற வாக்கியம், பல வீடுகளில், 'அவர்கள் வேறு சாதி' என்பதன் மரியாதையான வடிவமாக வழங்கியது. ஒவ்வொரு சபைக்கு உள்ளேயும் இதே பிரிவு இருந்தது. வட்டுக்கோட்டைச் செமினறியிலே வானசாத்திரம் போதித்த மிஷனரிமார், சமையற்கட்டிலே சாதி ஆசாரத்துக்கு விட்டுக்கொடுத்தனர். ஆலயத்தில் எவர் எங்கே இருப்பது, எந்தச் சவக்காலையில் எவரைப் புதைப்பது, திருநாளில் எவர் கூடு தூக்குவது என்பன இரு தரப்பிலும் நெடுங்காலம் தகராறுக்குரியனவாக இருந்தன. உத்தரிக்கிற ஸ்தலம் உண்டா இல்லையா என்று அச்சிலே வாதாடிய இரு தரப்பினரும், தமது ஆலயத்துப் பின்வாங்கிலே இருந்தவனைப் பற்றி அதே ஊக்கத்தோடு அச்சிலே வாதாடினரா? இல்லை. அதில் அவர்கள் ஒருமைப்பாடு கண்டிருந்தனர்.

இவ்விடத்திலே கிறிஸ்தவ எழுத்து செய்யாததை நாவல் செய்தது. கே. டானியல் தமது 'பஞ்சமர்' வரிசை நாவல்களிலே, குறிப்பாகக் 'கானல்' என்ற நாவலிலே, மதம் மாறியும் சாதி மாறாத மக்களின் ஏமாற்றத்தை எழுதினார். அந்நூற்பெயரே ஒரு கண்டனம். எமது இடதுசாரித் திறனாய்வாளர் அவற்றை வர்க்கப் போராட்ட ஆவணங்களாக வாசித்தனர், சரியே. அவை திருச்சபையியல் வாதங்களும் ஆகும். ஒரே பந்தியில் இருந்து அப்பம் பிட்கும் சமயத்தில் பந்தி எத்தனை என்று கேட்கும் நூல்களுக்கு, பந்தி நடத்துவோர் மறுமொழி கூறக் கடமைப்பட்டவர்கள். நாவலருக்கு மறுமொழி எழுதிய மரபு, டானியலுக்கு எழுதவில்லை.

இன்று புதியதொரு வேறுபாடு வந்திருக்கின்றது. 1920 களிலேயே இலங்கையில் வேரூன்றிய பெந்தேகோஸ்தே இயக்கம், போருக்குப் பின்னரான குடாநாட்டிலே பல பெயர்களிலே சிறு சபைகளாகப் பரவியுள்ளது. அவர்களுக்கும் தனியானதொரு தமிழ் உண்டு: பாஸ்ரர், விசுவாசி, அபிஷேகம், அந்நியபாஷை. பழைய சபையார் அவர்களைப் பற்றிப் பேசுகின்றார்கள், அவர்களோடு பேசுவதில்லை. 'எமது ஆடுகளைத் திருடுகின்றார்கள்' என்ற முறைப்பாடே எங்கும் கேட்கின்றது. கணவனை இழந்த, காணி இழந்த ஒரு பெண்ணுக்கு இருநூறு வருடச் சபையிற் கிடையாத எது, ஒரு தகரக்கொட்டகையிற் கிடைத்தது என்ற கேள்வி, கொள்கைக் கேள்வியும் சமூகக் கேள்வியும் ஆகும். அதனைக் கேட்பதற்கு அவளிடமே போகவேண்டும். இதற்கிடையில், கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும், நானூற்றெண்பது ஆண்டுகள் தம்மைப் பிரித்த நீதிமானாக்கப்படுதல் பற்றிய கோட்பாட்டை வரிக்குவரி பேசி, 1999 ஒக்ரோபர் 31 ஆம் திகதி ஒரு கூட்டறிக்கையிலே கைச்சாத்திட்டன; 2006 இல் மெதடிஸ்தரும் இணைந்தனர். அவ்வறிக்கை எங்கே உடன்படுகின்றோம் என்பதோடு, எங்கே இன்னும் உடன்படவில்லை என்பதையும் எழுதி வைத்தது. யாழ்ப்பாணத்து மெதடிஸ்த, கத்தோலிக்க ஆலயங்களிலே அது எத்தனை பிரசங்கங்களுக்குப் பொருளாயிற்று?

உள்ளூரிலே வேறு முன்மாதிரி இல்லை என்று கருதவேண்டாம். நாம் சிறுவராக இருந்த காலத்தில் அயலிலே இரு முதிய பெண்கள் இருந்தனர்; ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் அமெரிக்க மிஷன்காரர். மாலையிலே தலைவாசலில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, மாதாவிடம் மன்றாடலாமா என்று வருடக்கணக்காக வாதாடினார்கள். 'பிள்ளையின் தாயைக் கேளாமல் பிள்ளையிடம் ஒரு காரியம் ஆகுமோ' என்பார் ஒருவர். 'பிள்ளை வாசலிலே நிற்கத் தாயைத் தேடி அடுப்படிக்குப் போவானேன்' என்பார் மற்றவர். ஒருவரும் மாறவில்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் பிழையாகச் சொன்னதை நாம் ஒருபோதும் கேட்டதில்லை. கத்தோலிக்கப் பெண்மணி இறந்தபோது, செபமாலை சொல்லத் தெரியாத அந்தச் சிநேகிதி, சொல்லிமுடியும்வரை தலைமாட்டிலே அமர்ந்திருந்தார்.

'உதயதாரகை' இதழ்களை ஒரு சாராரும் 'பாதுகாவலன்' இதழ்களை மற்றொரு சாராருமே இதுவரை தேடி வாசித்து வந்துள்ளனர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, இரு தரப்பாரும் மாறிமாறி எழுதிய கண்டனங்களை அருகருகே வைத்துப் படிக்கக்கூடிய பொதுவான இடமொன்றும் எரிந்தது. எஞ்சியவற்றைத் தொகுக்கும் எமது மாணவர் ஒவ்வொரு பிரசுரத்தையும் அதற்கு வந்த மறுப்போடு சேர்த்தே பட்டியலிடுவாராயின், மெல்லோவுக்கு வெளிப்படையாகக் கிடையாத மறுமொழிகளின் இடத்தையும் அப்பட்டியலிலே வெறுமையாக விட்டுவைக்கலாம்.